பாட்டிலில் வாய் வைத்தவன்

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவன். இப்படி உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்; படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பாலைவன நடையைப் பற்றி டாக்டர் இன்றைக்கும் விருந்து வீடுகளில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட நடந்தவன் என்ற தகுதி எனக்கும் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் ஹூஸ்டனில் இருந்தோம். மனைவி நர்ஸ். அவள் வேலையால்தான் எனக்கு விசா. நான் அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஆறு வருஷமாக நைட் ஷிப்ட். பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியானது. டாக்டர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால் கிடைத்துவிடும். அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் டாக்டர் இவர்தான், மெட்ராஸ்காரர். கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுபோனோம். கையெழுத்துப் போட மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபரில் திங்கட்கிழமையும் விடுமுறையாக வந்தபோது, மேற்கு டெக்ஸாஸ் மலைகளைப் பார்க்க அவரும் அவர் மனைவியும் எங்களையும் கூப்பிட்டார்கள். என் மனைவி கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "நீங்க அங்க ஒண்ணும் பேசிராதீங்க" என்றாள். எனக்கு நன்றாக வரும் காரியம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் புது பூட்ஸ், தாடையில் கயிறு கட்டிய தொப்பி, பைனாகுலர், கைத்தடி எல்லாவற்றோடும் இறங்கினார். எவரெஸ்டுக்கே போதும் அது. பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருந்தது: நடுத்தரமான பாதை, போகவர ஆறு மைல், ஆளுக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர், தண்ணீர் அவசியம். டாக்டர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதெல்லாம் வெள்ளக்காரனுக்கு. மெட்ராஸ் மே மாசத்தையே சர்வைவ் பண்ணவங்க நாம. இது ஏசி ரூம் சார்."

கேலன் ஜாடிகள் கார் டிக்கியிலேயே தங்கின. நாலு பேருக்கு இரண்டு பாட்டில். ஆனால் டாக்டர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்போம்; அந்த ஆன்ட்டியின் புளியோதரைத் தூக்கு மட்டும் தவறாமல் வந்தது. துணிமூட்டை தூக்கிப் பழகியவன் என்று அதையும் பாட்டில்களையும் என் தோளில் மாட்டினார்கள்.

மலைகள் நன்றாகத்தான் இருந்தன. தூரத்தில் ஊதா, கிட்டே வரவரச் செங்கல் நிறம். பார்க்கத்தான் டாக்டர் விடவில்லை. ஒவ்வொரு பாறையையும் தானே கொத்தனார் வைத்துக் கட்டியதுபோல் விளக்கிக்கொண்டு வந்தார்.

உச்சிக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டோம். உப்பும் காரமும் தாகத்தைக் கிளப்பின. டாக்டரும் ஆன்ட்டியும் பாட்டிலை வாங்கி வாங்கிக் குடித்தார்கள். குடித்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எச்சில் படக்கூடாதே. ஒரு முழ உயரத்தில் பாட்டிலைப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். அது மேடு, காற்று ஆளையே தள்ளியது. தண்ணீர் பாதி தாடையில், கால் பங்கு சட்டையில், மிச்சம் மணலில். வாய்க்குள் போனது அவர்கள் அதிர்ஷ்டம். எத்தனையோ வயிறுகளைக் கிழித்துக் கை நனைத்த மனிதர், ஒரு பாட்டிலின் விளிம்பு உதட்டில் பட்டுவிடும் என்று பயந்தார். முதல் பாட்டில் அங்கேயே தீர்ந்தது. எனக்குச் சொல்ல நாக்கு துடித்தது. கைப்பை ஞாபகம் வந்தது, காலிப் பாட்டிலை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது ஒரு மைல்கூட வரவில்லை, என் மனைவி பாறை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடித்து நேராகக் காரில் ஏறியவள். உதடு வெளுத்திருந்தது. இரண்டாவது பாட்டிலில் பாதிதான் இருந்தது. டாக்டர் கையை நீட்டினார்.

"அத பாஸ் பண்ணுங்க சார். ஒரு வாய் ஊத்திக்கறேன்."

நான் மூடியைத் திறந்தேன். எல்லோரும் பார்க்க, பாட்டிலை வாய்க்குள் விட்டுச் சப்பி ஒரு மடக்குக் குடித்தேன்.

"ஐயோ, எச்சில் பண்ணிட்டாரே" என்றார் ஆன்ட்டி.

"என்ன சார், ஒரு டீசன்சி வேணாம்?" என்றார் டாக்டர்.

நான் பாட்டிலை மனைவியிடம் கொடுத்தேன். "இனி இத யாரும் கேக்க மாட்டாங்க. மெதுவா குடி."

அவள் என்னைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், பிறகு குடித்தாள். கடிதம் போயிற்று என்று இருவருக்கும் தெரிந்தது.

இன்னும் ஒரு மைல் நடந்திருப்போம். மெட்ராஸ் வெயிலில் வளர்ந்தவர் கைத்தடியைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். தொப்பிக் கயிறு காதில் தொங்கியது.

"கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

மனைவி கொடுத்தாள். கன்றுக்குட்டிபோல் வாய் வைத்து உறிஞ்சினார். "மெதுவா, டாக்டர்" என்றாள் அவள், நோயாளியிடம் பேசும் குரலில். ஆன்ட்டி மலையைப் பார்த்தார். காலையிலிருந்து அதைப் பார்த்தது அப்போதுதான். பிறகு அவரும் கையை நீட்டினார்.

கார் தெரியும் தூரம் வந்ததும் டாக்டர் என் பக்கத்தில் வந்து, "இத யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம் சார்" என்றார். நான் காலித் தூக்கை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் ஹூஸ்டன் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், டாக்டர் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கார் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.