மூன்று தடவை கழுவிய கேன்

ஏலத்தோட்டத்து ஸ்டோரில், பூச்சிமருந்து அடித்துக் காலியான நீலக் கேன்களுக்குப் போட்டி உண்டு. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்க அதைவிட உறுதியான பாத்திரம் கிடையாது. ஸ்டோர் கிளார்க்காக இருந்த நான், வேண்டியவர்களுக்குச் சலுகையாக எடுத்து வைப்பேன். மதினிக்கு முதல் கேனைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். "மூணு தடவ கழுவிட்டேன் மதினி, வாசமே போயிருச்சு" என்றேன். "கொழுந்தனார் கழுவுனா சரியாத்தான் இருக்கும். தேதி போட்டுல்ல கழுவியிருப்பீங்க" என்று, எதையும் டைரியில் குறிக்கும் என் பழக்கத்தைச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மழைக்காலத்திலேயே மதினிக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. அண்ணனுக்கு மருந்தடிக்கும் வேலை. அவர் சட்டையை மதினி வெறுங்கையால் துவைத்து, அந்தக் கேன் தண்ணீரில் அலசுவார். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒவ்வொரு முறையும் "சளி" என்று எழுதி, "மழ ஒத்துக்கல" என்று அனுப்பிவைத்தார். வீட்டில் என்ன புழங்குகிறது, யார் எதைத் துவைக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மதினி மூச்சுக்குத் தவித்த நாட்களை நான் டைரியில் குறித்துவந்தேன். பூச்சிமருந்து தெளிக்க வெளியே போன நாட்களை ஸ்டோர் பதிவேட்டில் எழுதியதும் இதே கைதான். இரண்டையும் அருகருகே விரித்துப் பார்க்க எனக்கு இன்னொரு மழைக்காலம் தேவைப்பட்டது. இத்தனைக்கும் நிறையப் புத்தகம் படித்தவன் நான். மருந்தடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தவறாமல் இழுப்பு.

இரண்டையும் சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன். "மழையும் அந்த மாசந்தானவே. மழையையும் நிப்பாட்டணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் டைரி எதையும் நிரூபிக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் மதினி கம்பம் ஊரில் தன் அம்மா வீட்டில் இருந்த நாட்களில் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. அங்கும் மழை பெய்தது. அதைச் சொன்னதற்கு, "அப்ப அங்கனயே இருக்கச் சொல்லும்" என்றார். புருஷன், பெண்டாட்டி இருவரில் ஒருவர் தோட்ட வேலைக்கு வராவிட்டாலும் லைன் வீடு கிடையாது என்ற விதியைப் படித்துக் காட்டுகிறவரே அவர்தான். மதினி திரும்பி வந்தார். கேனில் ஆணியடித்து ஓட்டை போட்டேன். மருந்து படிந்த சட்டைகள் துவைக்க வருவது நிற்கவில்லை.

இன்று மதினியால் ஸ்டோர் மேடு ஏற முடியாது. இன்ஹேலர் இடுப்பில் செருகியிருக்கும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில் ஒரு நீலக் கேனைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம், தூரப் போடு என்றேன்.

"மூணு தடவ கழுவிட்டேன் அண்ணாச்சி, வாசமே போயிருச்சு."

"யாரு சொன்னா இப்படிக் கழுவச் சொல்லி?"

"நீங்க ஸ்டோர்ல இருக்கும்போது சொன்னதுதான. லைன்ல எல்லாரும் அப்படித்தான் செய்யுதோம்."

ஆணியைத் தேடி வீட்டுக்குள் போனேன்.