தாராளமும் கேட்டுச் சாவியும்

கல்யாண மண்டபத்தில் ராக்காவல் பார்ப்பவனுக்கு முதலில் போவது தூக்கம். அடுத்தது, யாராவது சும்மா கொடுத்தால் நம்புகிற புத்தி. இடுப்பில் சாவியோடு கண்ணயர்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

வீட்டுப் பூட்டு

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் மகள் கல்யாணம். பந்தியில் நின்று, "தாராளமாப் போடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இலையில் ஐந்து இனிப்பு. பந்தி முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூட்டை ஸ்டோர் ரூமுக்குப் போடச் சொன்னார். பாத்திரம் கழுவுகிறவர்கள் இன்னும் சாப்பிடவில்லையே என்றேன்.

"இலையில உக்காந்தவங்களுக்குத்தானுங்க நான் சொன்னேன்."

வாடகை வேண்டாம்

என் மகளுக்கு வரன் முடிந்து, மண்டபத்தில் நடந்தால்தான் கல்யாணம் என்று சம்பந்தி வீட்டார் பிடிவாதமாக நின்ற நேரம். எங்கள் முதலாளியம்மா, வாடகை வேண்டாம், இங்கேயே நடத்துங்கள் என்றார். எதற்காக? ஆயுசுக்கும் என்னைக் கேட்டிலேயே கட்டிப்போடவா? மூன்று நாள் இழுத்தடித்தேன். மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில், பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டேன்.

"நான் உங்க பொண்ணு அம்மணிக்குத்தானுங்க குடுத்தேன், உங்களுக்குன்னு எப்பச் சொன்னேன்?"

பழைய அகராதி

சரி என்றுவிட்டேன், சந்தேகம் போகவில்லை. எட்டாவதோடு நின்ற படிப்பை நானே தொடர, உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி ஒன்று உண்டு. தாராளம், தாரையிலிருந்து வந்ததாம். இடைவிடாமல் ஒழுகும் நீர். பெண்ணைக் கொடுக்கும்போது செம்பிலிருந்து வார்க்கிறோமே, அதேதான். அள்ளிக் கொடுப்பதற்கும் அள்ளி இறைப்பதற்கும் ஒரே சொல்லா என்று சமையல் மாஸ்டர் பழனிச்சாமியிடம் குறைப்பட்டேன். அவர் வெங்காயத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"ஊத்தறவங்க ஊத்தட்டும், நீங்க கையை நீட்டுங்க மொதல்ல."

சீட்டு எங்கே?

சாமான் கணக்கெழுதி ஸ்டோரில் கொடுக்கும் சீட்டு இல்லாமல் எந்த டெம்போவும் கேட்டைத் தாண்டாது. அது எங்கள் மண்டபத்துச் சட்டம். மகள் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், வாழை இலைக் கட்டும் லட்டு டின்னுமாக ஒரு டெம்போ வந்தது. நான் சொன்ன சாமான் இல்லை. முதலாளியம்மா அனுப்பினார் என்றான் டிரைவர். புது வேட்டியோடு குறுக்கே நின்று சீட்டு கேட்டேன். அரைமணி நேரம் விடவில்லை. உள்ளே இலை பத்தவில்லை என்று என் மனைவி அலறுகிறாள். டிரைவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டான்.

"ஏனுங்க, பொண்ணோட அப்பனே கேட்டைத் தொறக்கலீன்னா இந்த எலையை ஆரு தலையிலீங்க விரிக்கறது?"

மறுநாள் காலை மனைவி வார்த்த தாரை என் கை வழியே மகள் கைக்கும் மாப்பிள்ளை கைக்கும் ஒழுங்காகத்தான் இறங்கியது. இடுப்பில் கேட்டுச் சாவி மட்டும் குத்திக்கொண்டே இருந்தது.