பல்கனிக் கதவைத் திறந்துவிட்ட நாள்

நோர்வேயில், குரோருட்டில் எங்கள் வீட்டுப் பல்கனியில் கோடையில் நாலு பேர் இருந்து தேநீர் குடிக்கலாம். பனிக்காலத்தில் அங்கே என் கணவர் ஒருவர்தான் நிற்பார். தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன மின் அடுப்பில் மீன் பொரிப்பார். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

காரணம் எங்கள் மகள். சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். “அம்மா, என்ரை ஜாக்கெட் சமையல் மணக்குதெண்டு எல்லாரும் சிரிக்கினம்.” அன்றிலிருந்து பொரிக்கிறதெல்லாம் பல்கனியில். உள்ளே தாளிப்பதென்றால் முதலில் ஜாக்கெட்டுகளைப் படுக்கையறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தவேண்டும், பிறகு பல்கனிக் கதவைக் கொஞ்சம் நீக்கிவிடவேண்டும். எங்கள் சனத்தில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது. ஒருவரும் வெளியில் சொல்வதில்லை.

அந்த வயதில்தான் அவள் ஒரு கறிவேப்பிலை விதையைத் தயிர்க் கோப்பையில் ஊன்றினாள். வளர்ந்து என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. கோடையில் பல்கனியில் நிற்கும். உறைபனி தொடங்கமுதல் உள்ளே தூக்கி, இலைகளைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் செடி வளர்க்கும் விளக்கின் கீழே வைப்போம். இருட்டு மாதங்களில் கொஞ்சமாவது பகல் தெரிகிற மூலை அது ஒன்றுதான். அவள் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போன பிறகு, வந்து போகும்போதெல்லாம் இலைகளைப் பையில் கட்டிக் கொடுத்துவிடுவேன். தொலைபேசியிலும் எங்களை விசாரிக்கமுதல் அதைத்தான் விசாரிப்பாள். “என்ரை மரம் எப்பிடி?”

“உன்னைப் பெத்தது நானோ, மரமோ?” என்பேன்.

போன நத்தார், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஒரு நோர்வேக்காரப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். முதல்முறை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல்நாளே சமையலை முடித்து வீட்டைக் காற்றாட விடவேண்டும் என்று நின்றேன். பல்கனி அடுப்பு அன்றைய குளிருக்குச் சூடேறவே இல்லை. உள்ளேயே பொரித்துவிட்டுக் கதவை முழுதாகத் திறந்தோம்.

“இஞ்சாருங்கோ, இன்னும் மணக்குது. பூட்டாதேங்கோ.”

“எனக்கு விறைக்குதப்பா.”

“அப்ப ஜாக்கெட்டைப் போடுங்கோ.”

இரண்டு பேரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தரை துடைத்தோம். செடிக்கு யார் ஜாக்கெட் போட்டது? பின்னேரம் முழுக்க அந்தக் குளிர் அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. பாழாய்ப்போன எங்கள் இரண்டு தலைகளில் ஒன்றுக்கும் அது தோன்றவில்லை. நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

விடிய எழும்பிப் பார்த்தால் இலைகள் கறுத்து, அவித்த கீரை மாதிரித் தொங்கின. தொட்டவுடன் கொட்டின. ஐயோ, பிள்ளை நட்டதல்லவா என்று நிலத்தில் இருந்துவிட்டேன். கணவர் கூட்டி அள்ளினார்.

மாலையில் வந்தார்கள். வாசலிலேயே அந்தப் பெடியன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். இவ்வளவு பாடுபட்டும் மணக்கிறதே என்று எனக்கு முகம் சுட்டது. ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மகள் குசினிக்குள் அடுப்பு வரை போய்த் திரும்பி வந்தாள். “என்னம்மா, வீட்டிலை ஒரு வாசமும் இல்லை? வாசலுக்கு வரேக்கையே தாளிச்ச வாசம் வருமெண்டு ரெயினிலை இவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தனான்.”

“நீதானே பிள்ளை, ஜாக்கெட் மணக்குதெண்டு அழுதனீ?”

“அது சின்னனிலை, அம்மா! இப்ப அங்கை தாளிக்கேக்கை ஜாக்கெட்டை அடுப்புக்குப் பக்கத்திலைதான் கொழுவுறனான். பிறகு போட்டுக்கொண்டு வெளியிலை போனா, உங்களோடை நிக்கிற மாதிரி இருக்கும்.”

அதற்குப் பிறகுதான் மூலையைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே மொட்டைத் தண்டு. கணவர் நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். படுக்கையறைக்குள் போய் இரண்டு ஜாக்கெட்டுகளையும் எடுத்துவந்து குசினிக் கதவில் கொழுவினாள்.

“தாளியுங்கோ அம்மா,” என்றாள்.

எண்ணெய் வைத்தேன். கடுகு போட்டேன். நத்தார் இரவு, கடைகள் எல்லாம் பூட்டு. அதற்குமேல் போட என்னிடம் ஓர் இலைகூட இருக்கவில்லை.