கதவு நிலையில் இரண்டு கோடுகள்

எங்கள் டயர் குடோனில் கட்டுப்போடும் அறை என்று ஒன்று இருந்தது. பழைய லேபிள் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், ஐஸ் வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். அதை நடத்தியவள் எங்கள் எல்லாருக்கும் அக்கா. அவள் இல்லாத இடத்தில் ‘கோட்டக்கா’ என்போம். முகத்துக்கு நேரே சொன்னவன் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அக்கா நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. ட்யூப் பேக்கிங்கில் நின்றவள். ஒரு நாள் மிஷின் பெல்ட் அவளுடைய வலது மணிக்கட்டை இழுத்துக்கொண்டது. “வேலை செய்யச் செய்யச் சரியாயிடும்” என்று ஒன்பதாம் நாளே கூப்பிட்டு மறுபடி மிஷினில் நிறுத்திவிட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியது. நிறைந்த வாளியை அந்தக் கையால் இன்றும் அவளால் தூக்க முடியாது. அப்புறம் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் இடத்தில், தன் முறை முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்து, அடுத்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு வருஷம் பார்த்திருக்கிறாள். அதன் பிறகுதான் ஆபீஸில் போய் நின்று அந்த லேபிள் அறையைக் கேட்டு வாங்கினாள்.

அடிபட்டவனை நேராகப் பழைய வேலைக்கு அனுப்பக்கூடாது என்பாள். முதலில் லேபிள் ஒட்டுவான், வால்வு எண்ணுவான். தேறினால் சைக்கிள் டயர். பிறகு கார் டயர். கடைசியில்தான் லாரி டயர்.

யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்ய அவளிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வாரம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டர் “வலி இருக்கா?” என்றால் “இல்ல சார்” என்போம். கையைத் தூக்கச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைத் தொடுவோம். வெளியே வந்து சுவரில் சாய்ந்து கண்ணீர் விடுவோம். அக்காவுக்கு இது அத்துப்படி. கதவு நிலையோடு நம்மை ஒட்டி நிற்க வைப்பாள். விரலால் நிலையைத் தடவிக்கொண்டே கையை மேலே ஏற்ற வேண்டும். பல்லைக் கடித்து எட்டுகிற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அது வீம்புக் கோடு. பிறகு மறுபடி கீழிருந்து ஏற்றச் சொல்வாள். இந்தத் தடவை வாய் ஓயாமல் பேச வேண்டும். நேற்று யாரோடு சண்டை, பஸ்ஸில் எவன் காலை மிதித்தான், எதுவானாலும் சரி. பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. அது பேச்சுக் கோடு.

“வாய் பொய் சொல்லும், தம்பி. ஆனா வலிக்கும்போது அதால கதை சொல்ல முடியாது” என்பாள்.

ஆபீஸுக்கு அவள் ரிப்போர்ட் எழுதுவதும், அதைப் பார்த்து அவர்கள் வேலை கொடுப்பதும் பேச்சுக் கோட்டை வைத்துத்தான்.

நான் லாரி டயர்க்காரன். இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் ரேக்கின் மேல்தட்டிலிருந்து சரிந்த டயரைப் பிடிக்கப் போனேன். விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். புத்தி வேண்டுமே. வலது தோளில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், ஆறேழு மாதம் பொறுத்தால் ஒட்டும், மறுபடி இழுத்தால் அவ்வளவுதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

ஏழு வாரம் அந்தக் கதவு நிலையோரம் நின்றேன். நான் பேசுகிற ஆள் இல்லை. முதல் வாரம் டயர் சைஸ்களை வரிசையாக ஒப்பித்தேன்.

“யோவ், நீ என்ன ஸ்டாக் எடுக்கவா வந்தே? வீட்ல பொண்டாட்டிகிட்டயாவது பேசுவியா, இல்ல அங்கயும் சைஸ்தானா?” என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. என் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனதைச் சொன்னேன். அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுததை என் மனைவிக்கே சொன்னதில்லை. அக்காவிடம் சொன்னேன். கை தோள்மட்டம் வந்ததும் பேச்சு நின்றது. கோடு போட்டாள். “போன வாரத்துக்கு ரெண்டு விரக்கடை கூட” என்றாள். கூடப்பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன்.

எட்டாம் வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, “நாளையிலிருந்து லாரி டயருக்குப் போயிடு” என்றார்.

“என்ன சார், நான் இன்னும் லேபிள்தானே ஒட்டறேன்?”

“கை நல்லா தூக்கறியாமே. ரிப்போர்ட்ல இருக்கு.”

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டேன். என்னுடைய முட்டாள்தனத்தை வேறு எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள், பத்தாவது டயரோ பதினோராவது டயரோ, தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டு எழுதும்போது சூப்பர்வைசர் மேஜையில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே ஆறடி இரண்டு அங்குலம் என்று இருந்தது. அந்த அளவு உலகத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு. கதவு நிலையில் என் வீம்புக் கோடு. கீழே அக்காவின் கோணல் கையெழுத்து.

நேராக அறைக்குப் போனேன். அவள் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“ஏன்க்கா?”

“ஒருத்தனும் லாரி டயருக்குத் திரும்பல, இந்த ரூம் எதுக்குன்னு மேனேஜர் கேட்டான், தம்பி. இந்த மாசம் ஒருத்தனையாவது காட்டலைன்னா மூடிடுவேன்னான். பதினாலு பேரு இதை நம்பி இருக்காங்க.”

“அந்தப் பதினாலுல நான் இல்லையா?”

சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். “மத்தவன் பேரைப் போட மனசு வரல. நீன்னா தாங்கிக்குவேன்னு நினைச்சேன்” என்றாள்.

இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வேண்டாதவன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அவளைப் புரிந்துகொண்டிருப்பேன். என்னைப் பிடித்துக் கொடுத்ததற்குக் காரணம் நான் வேண்டியவன் என்பது. பக்கத்தில் வந்தது என் தப்பு.

ஆபரேஷன் ஆனது. நான் வீட்டில் படுத்திருந்தபோதே அந்த அறையையும் மூடிவிட்டார்கள். மறுபடி லேபிள் கட்டுகள் உள்ளே போயின. அக்காவைத் திரும்ப ட்யூப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி லாரி டயரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும். ரிப்போர்ட்டில் ஆறடி இரண்டு அங்குலம் இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் அதே பென்சில், ஒரு அளவு டேப்.

“தம்பி, ஒரு அளவு எடுத்துக்கறேன். ஆபீஸ்ல முன்னாடி கொடுத்தது பொய்னு எழுதிக் கொடுக்கப் போறேன். புது அளவு இல்லாம மேனேஜர் வாங்க மாட்டான்.”

என் மனைவிதான் நாற்காலியை நகர்த்தி, எங்கள் சமையலறைக் கதவு நிலையைக் காட்டினாள். எழுந்து போய் நின்றேன். கையை ஏற்றினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“பேசுய்யா” என்றாள் அக்கா.

பேசவில்லை.

“பேசாம இருந்தா நான் எங்க கோடு போடறது?”

அவளுடைய பென்சில் அந்தரத்தில் நின்றது. என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. “அவங்ககிட்ட பேச மாட்டீங்கன்னா விடுங்க. திட்டுங்க! நாலு மாசமா என்கிட்ட திட்டினதை அவங்ககிட்டயே திட்டுங்க. என் காதாவது ஓயும்.”

கையை இறக்கி மறுபடி கீழிருந்து தொடங்கினேன். திட்டினேன். இடுப்பு உயரத்தில் அவளுடைய நாக்கைத் திட்டினேன். விலா உயரத்தில் அவளுடைய ரிப்போர்ட்டை. நெஞ்சுக்கு மேலே வந்தபோது, என் மகள் விஷயத்தை உன்னிடம் சொன்னேனே என்று ஆரம்பித்தேன். பேச்சு அங்கே நின்றுவிட்டது.

அக்கா கோடு போட்டாள். டேப்பை வைத்து அளந்தாள். நாலடி மூன்று அங்குலம். காகிதத்தில் எழுதிக்கொண்டு, என் மனைவி நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டாள்.

எழுதிக் கொடுத்தாள். பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்காக அவளைத்தான் வேலையிலிருந்து நீக்கினார்கள். கேட்டு வாங்கிய மேனேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார். நான் இப்போது லேபிள் ஒட்டுகிறேன், நிரந்தரமாக. அவள் கொடுத்த அளவால்தான் எனக்கு இந்த நாற்காலி.

அக்காவைப் போய்ப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்கிறாள். போகவில்லை.

அந்தக் கோடு இன்னும் எங்கள் சமையலறைக் கதவில் இருக்கிறது. அது தப்பான கோடு. அந்த உயரத்தில் எனக்குத் தோள் வலிக்கவே இல்லை. கை இன்னும் ஒரு சாண் போயிருக்கும். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.