கொரிய நடிகரும் எங்கள் பஸ் கண்டக்டரும்

இன்று காலை மணலிக்கு ஆபீஸ் வேலையாகப் போனோம். ராயபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து என் ஆபீஸ் தோழிக்கு ஒரே பேச்சுதான்: அவளுடைய கொரிய நடிகர்.

பல வருடம் மேடை நாடகமாம். அப்புறம் சினிமாவில் அடியாள், குடிகாரன், டாக்ஸி டிரைவர். தலை நரைக்கிற வயதில்தான் ஹீரோவானாராம்.

"ஒரு படத்துல துறைமுகத் தொழிலாளியா வர்றார்ப்பா. அந்த ஊர்க்காரங்க எப்படிப் பேசுவாங்களோ அச்சு அசல் அப்படியே பேசுறார். அதுக்காக அங்கேயே போய்த் தங்கினாராம். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அந்த நேரம் பார்த்து, படியில் நின்ற ஒருவரைக் கண்டக்டர் சத்தம் போட்டார். "இன்னாப்பா, படியாண்டயே நின்னுகினு கீறே! உள்ள எம்மாம் எடம் கீது, போப்பா!"

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா... கீது... ஐயோ, செம லோக்கல்! படத்துல வர்ற ரவுடி மாதிரியே இல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஆபீஸில் நாக்கை அடக்கி அடக்கிப் பேசிவந்தவள் நான்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற? என் வூடு காலடிப்பேட்டைலதான் கீது. எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. நாங்க எல்லாரும் இப்டித்தான் பேசுவோம்."



அந்தக் கொரிய நடிகர் ஊர்ப்பேச்சு பேசினால் நடிப்பு, நாங்கள் பேசினால் ரவுடித்தனமா? கீழே சப்டைட்டில் ஓடினால்தான் மரியாதை என்றால், யாராவது எனக்கும் ஒன்று நல்லதாக எழுதிக் கொடுங்கள். நாளை ஆபீஸுக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன்.