அரைப்பேர் பயம்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவள் இசபெல். யாராவது பென்சிலோடு எதிரே உட்கார்ந்தாலே அவளுக்குப் பயம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிடித்த பயம் அது. கணக்கப்பிள்ளை அம்மாவின் கூடையைப் பார்ப்பார், ஏதோ கேட்பார், எழுதுவார். அம்மா என்ன சொன்னாலும் பல நாள் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம்.

1961இல் விரிவுரையாளர் முத்துலிங்கம் இசபெல் உட்படத் தாவரவியல் மாணவர்களை ஹட்டன் பக்கத் தோட்டமொன்றுக்கு அழைத்து வந்தார். பிள்ளைகள் பாடத்தை மனதுக்குள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"தப்பாச் சொன்னா திருப்பி அனுப்பிருவாராம். பெட்டியக் கட்டு, இசபெல்" என்று கூடப் படிக்கும் சின்னராசா சிரித்தான். அவன் ஹட்டன் கடைக்காரர் மகன். திரும்பிப் போனால் கடை இருந்தது. அவளுக்குக் கொழுந்துக் கூடைதான்.

பிடுங்கிப் போட்டிருந்த தேயிலைக் கட்டையைக் காட்டினார் முத்துலிங்கம்.

"இந்தப் பாரம் எங்கேயிருந்து வந்தது? யோசிக்கிறதை அப்படியே சொல்லுங்கோ. இதுக்குப் பரீட்சைப் புள்ளி இல்லை."

"காத்துல உள்ள காபனீரொட்சைட்டு வாயுவும் தண்ணியும், சேர்."

"அதை நம்புறீங்களோ?"

பென்சில் காத்திருந்தது.

"பரீட்சையில அப்பிடித்தான் எழுதுவேன், சேர். மனசு ஒத்துக்க மாட்டேங்குது. எங்கப்பா உரம் வீசுறவரு. உரம் போட்டாத்தான் கொழுந்து கிளம்பும். மண்ணுதான் மரமாகுதுன்னு நெனைக்கிறேன். காத்து எப்புடி சேர் கட்டையாகும்?"

பென்சில் விறுவிறுவென்று ஓடியது.

"நாளைக்கும் வாங்கோ."

எதற்கென்று சொல்லவில்லை. பெயரை வெட்டத்தான் என்று இசபெல் முடிவு கட்டினாள். மாலையில் மாணவர்கள் தங்கியிருந்த இடத்துச் சமையற்கட்டில் அடுப்பையே பார்த்திருந்தாள். விறகாக வைத்த அத்தனை பெரிய தேயிலைக் கட்டை எரிந்து, ஒரு கைப்பிடிச் சாம்பல் கிடந்தது. மண்ணிலிருந்து வந்தது அவ்வளவுதானா? மீதியெல்லாம் எங்கே போயிற்று? புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் அவர் வாய் திறக்குமுன், காற்றிலிருந்து வந்த கட்டை புகையாகக் காற்றுக்கே போனதைக் கொட்டிவிட்டாள். முத்துலிங்கம் எழுதவேயில்லை. பென்சில் மடியில் கிடக்க, கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப அரைப்பேரா, முழுப்பேரா சேர்?" பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

"அப்படியெண்டா?"

"ஒண்ணுமில்ல, சேர்."

அடுத்த தவணை தொடங்கி, வகுப்பில் அவள் பெயர் வாசிக்கப்படும் வரை அந்தப் பயம் போகவில்லை.

1965இல் ஹட்டனில் ஆசிரியையானாள். பிள்ளைகளிடம் கேள்வி கேட்குமுன் கையிலிருக்கும் பென்சிலை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிடுவாள்.