பால் பொங்கிய புது அடுப்பு

காக்களூரில் இன்டீரியர் கடை திறந்த முதல் வருடம் நான் செய்யாத விளம்பரம் இல்லை. பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தேன். திருவள்ளூர் போகும் சாலையில் ஃப்ளெக்ஸ் கட்டினேன். தினம் ஒரு ரீல்ஸ் போட்டேன். எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரில் வரைந்த சமையலறைகள்தான். எண்ணெய்ப் பிசுக்கை அறியாதவை, ஒரு கரண்டிகூட வெளியே கிடக்காதவை. லைக் வந்தது, ஆள் வரவில்லை. வந்த நாலு பேரும் வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

மார்கழி நெருங்கியது. மார்கழியில் எங்கள் பக்கம் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். அதற்குள் இன்னும் ஒரு வேலையாவது கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டுப் பழைய கம்பெனிக்கே வரைபடம் போடப் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு மனசு வரவில்லை.

அதுவரை நான் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கட்டிய சின்ன வீடு. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா. அன்று காலை சமையலறையைப் படமெடுக்க போட்டோகிராபரை ஏற்பாடு செய்தேன். நிஜமான படம் போட்டாலாவது நம்புவார்களே. வீட்டுக்காரப் பெண்ணிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: படம் எடுக்கும்வரை புது அடுப்பைத் தொடவேண்டாம், பாலைக் கூடத்தில் செங்கல் அடுக்கிக் காய்ச்சிக்கொள்ளலாம். அவர் சிரித்தார். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட முட்டாள் நான்.

விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பால் புது அடுப்பில்தான் ஏறியிருந்தது. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி, மேடையில் பரவி, கீழே டிராயர்கள் மேல் வழிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. துணியோடு ஓடினேன். வீட்டுக்காரப் பெண் கையை நீட்டித் தடுத்தார்.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதுன்னு நீதானேண்ணா நோட்டீசுல போட்டே? அப்புறம் இன்னாத்துக்குப் பயந்துக்கினு ஓடியாறே?"

அந்த வரியை எழுதியவன் நான். நம்பாதவனும் நான் ஒருவன்தான்.

அவர் டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் சோதனையில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் பலகை மூட்டுகளை நகத்தால் சுரண்டினார். ஒருவர் அரிசி நிறைந்த அண்டாவை இழுப்பறையில் ஏற்றினார். இன்னொருவர் இடுப்பால் இடித்து மூடிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை சோதிக்க மாட்டார்கள். மசாலா டப்பாக்கள் ஏன் அந்த உயரத்தில், கிரைண்டர் ஏன் ஜன்னலோரம் என்று நான் எப்போதோ ஒருமுறை சொன்னதையெல்லாம் வீட்டுக்காரப் பெண் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு கதவு இடிக்கிறது என்ற குறையையும் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் மற்றதையும் நம்பினார்கள். ஒரு வருடமாக நான் கத்தியும் யார் காதிலும் ஏறாததை, அவர் அரை மணி நேரத்தில் சாதித்துவிட்டார்.

போட்டோகிராபர் வந்தபோது அங்கே கால் வைக்க இடமில்லை. படம் வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த எதிர்வீட்டு அம்மாள், தன் வீட்டுக்கும் இதேபோல் செய்யவேண்டும் என்றார். மூன்று நாளில் மார்கழி பிறக்கிறதே என்று நானே அசடுபோல நினைவூட்டினேன்.

"அளவு எடுக்கறதுக்கு இன்னா மார்கழி? துன்னுட்டு வா, இப்பவே பாத்துறலாம்."

பாதி இலையில் எழுந்துவிட்டேன். தெருவைக் கடக்கும்போதே மனைவிக்கு போன் போட்டேன். கடையை மூடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன்.